யூனிட் கணக்கு: ஒரகடத்திலிருந்து தூத்துக்குடிக்கு

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை என்று இந்தப் பக்கம் வேலை பார்க்கும் பலருக்குச் சொந்த ஊர் தெற்கே இருக்கிறது. விருதுநகர், திருநெல்வேலி, தூத்துக்குடி. வாரநாளில் கம்பெனிக்கும் வீட்டுக்கும் அலுக்காமல் ஓடும் எலக்ட்ரிக் காரைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாசலில் பூட்டிவிட்டு, பஸ் டிக்கெட்டுக்கு அலைகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ‘அவ்வளவு தூரம் தாங்குமா?’ என்ற ஒரே தயக்கம்தான் காரணம். தாங்கும். ஆனால் கிலோமீட்டரில் போடும் கணக்கை விட்டுவிட்டு யூனிட்டில் கணக்குப் போடப் பழக வேண்டும். இந்த அத்தியாயம் அதற்காகத்தான்.

ஒரகடத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் இந்தச் சாலைக்கு ஒரு பொருத்தமும் இருக்கிறது. 2019 ஜூலையில் ஹூண்டாய் கோனா எலக்ட்ரிக் அறிமுகமானபோது, நீண்ட தூரம் ஓடக்கூடிய எலக்ட்ரிக் எஸ்யூவி என்ற பேச்சே நம் நாட்டுக்குப் புதிது. அந்த வண்டி ஒருங்கிணைக்கப்பட்டது ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டை ஆலையில். 2025 ஜனவரியில் வந்த கிரெட்டா எலக்ட்ரிக்கும் அங்கேதான் தயாராகிறது. அதே 2025 ஆகஸ்டில், சாலையின் மறுமுனையான தூத்துக்குடி சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் ஆலை திறக்கப்பட்டது. எலக்ட்ரிக் கார் செய்யும் ஓர் ஊரில் கிளம்பி, எலக்ட்ரிக் கார் செய்யும் இன்னோர் ஊரில் போய் இறங்கப்போகிறோம். நடுவில் ஏறத்தாழ 560 கிலோமீட்டர்.

சான்றிதழ் தூரமும் சாலைத் தூரமும்

வண்டி வாங்கும்போது ஷோரூமில் சொன்ன தூரம் பொய்யில்லை. ஆனால் அது ஜிஎஸ்டி சாலையில் ஓட்டி எடுத்த தூரமும் இல்லை. ஆய்வகத்தில் உருளைகள்மேல் வண்டியை நிறுத்தி, வகுத்துவைத்த ஒரு வேக வரிசைப்படி ஓட்டி எடுப்பது அது. நம் நாட்டில் பின்பற்றும் அந்த வரிசையில் உச்ச வேகமே 90 கிலோமீட்டர். அதையும் கொஞ்ச நேரமே தொடுவார்கள். பெரும்பாலான நேரம் ஊருக்குள் போவதுபோல நின்று நின்று நகர்வதுதான். நாமோ செங்கல்பட்டைத் தாண்டியதும் நூறில் பிடித்தால் திருச்சி வரை விடுவதில்லை.

கிரெட்டா எலக்ட்ரிக்கின் பெரிய பேட்டரி 51.4 யூனிட். அறிமுகமானபோது அதற்குக் கொடுத்த சான்றிதழ் தூரம் 473 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், யூனிட்டுக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. பேட்டரி விளம்பரத்தில் ‘கிலோவாட் அவர்’ என்று போடுகிறார்களே, அதுவும் வீட்டுக் கரண்ட் பில்லில் வரும் யூனிட்டும் ஒன்றுதான். இது மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். நான்கு பேர், டிக்கி நிறையச் சாமான், ஏசி போட்ட நிலையில் இந்த அளவு வண்டிகளுக்கு நெடுஞ்சாலையில் நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது: 80 வேகத்தில் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர், 100 வேகத்தில் 6, அதற்குமேல் அழுத்தினால் 5. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுவதால்தான் இத்தனை வித்தியாசம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று தெரிய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். சிங்கப்பெருமாள் கோயிலில் ஜிஎஸ்டி சாலையைப் பிடித்து திண்டிவனம் வரை ஒரே வேகத்தில் போய்த் திரும்புங்கள். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று காற்றுக்கு ஏற்ப இரண்டு எண் கிடைக்கும். இரண்டில் குறைந்ததை நம்புங்கள்.

இப்போது வேகத்தின் விலை கண்ணுக்குத் தெரியும். 50 யூனிட் பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரகடத்திலிருந்து திருச்சி ஏறத்தாழ 290 கிலோமீட்டர். நூறில் போனால் 48 யூனிட் வேண்டும், அதாவது திருச்சி எல்லையில் வண்டி மூச்சு வாங்கும். எண்பதில் போனால் 41 யூனிட் போதும், கையில் 9 யூனிட் மிச்சம். ஆனாலும் யாரையும் நான் எண்பதில் ஓட்டச் சொல்வதில்லை. வழியில் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போவதே நல்லது. பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போகும்போது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படியும் நிறுத்தத்தான் போகிறோம்.

டிபன், சாப்பாடு, டீ

விடியற்காலை ஐந்து மணிக்கு நூறு சதவீதத்தோடு ஒரகடத்தில் கிளம்புங்கள். கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் சந்திப்பை அடைக்கும் முன் சிங்கப்பெருமாள் கோயிலைத் தொட்டுவிடலாம். இங்கிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. பண்டிகை நாளில் பெருங்களத்தூரிலும் கிளாம்பாக்கத்திலும் மணிக்கணக்கில் நிற்கும் கூட்டம் நமக்கு வழியிலேயே வராது. பரனூர் டோலில் மாட்டினாலும் கலங்க வேண்டாம். நின்றுகொண்டிருக்கும் எலக்ட்ரிக் கார் ஏறக்குறைய எதையும் தின்பதில்லை. ஏசிக்கு மட்டும் மணிக்கு ஒரு யூனிட் அளவில் போகும், அவ்வளவுதான்.

உளுந்தூர்பேட்டை ஏறத்தாழ 165 கிலோமீட்டர். நூறு வேகத்தில் 28 யூனிட் செலவு. திரையில் 45 சதவீதம் நிற்கும். அங்கே டிபன். 80 சதவீதம் வரை ஏற்ற 18 யூனிட் வேண்டும். வேகமாக ஏற்றும் 60 கிலோவாட் டிசி சார்ஜரில், வண்டி 40, 45 கிலோவாட் வாங்கிக்கொண்டால் அரைமணிக்குள் ஏறிவிடும். இட்லி வந்து, காபி ஆறி, எல்லோரும் கை கழுவி வருவதற்குள் முடிந்திருக்கும். அங்கிருந்து திருச்சி 125 கிலோமீட்டர். 38 சதவீதத்தோடு சேர்கிறோம். சாப்பாட்டு நேரம். 85 வரை ஏற்றுங்கள். மதுரைக்கு 130 கிலோமீட்டர் போனதும் 40 சதவீதம் இருக்கும். டீ. மறுபடி 80. அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி 140 கிலோமீட்டர். வீட்டு வாசலில் நிற்கும்போது மூன்றில் ஒரு பங்கு பேட்டரி மிச்சம்.

எண்பதில் ஏன் நிறுத்துகிறோம் என்று கேட்பார்கள். பேட்டரி நிறைய நிறைய, உள்ளே மின்சாரத்தை வாங்கும் வேகம் குறைந்துகொண்டே போகும். வண்டியே தன் பாதுகாப்புக்காகக் குறைத்துக்கொள்ளும். பஸ் காலியாக இருக்கும்போது ஆட்கள் சட்டென்று ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். கடைசி நான்கு சீட்டுக்கு உள்ளே தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அதுபோல. எண்பதிலிருந்து நூறு ஏறும் நேரத்தில் பத்து கிலோமீட்டர் அல்ல, பல பத்து கிலோமீட்டர் சாலையில் கடந்திருக்கலாம். அதோடு பின்னால் ஒரு குடும்பம் காத்திருக்கும். பொங்கல் சமயத்தில் வரிசை இருந்தால் எழுபத்தைந்திலேயே சார்ஜர் கன்னைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்கள் கணக்கில் இடமிருந்தால் அது பெரிய உதவி. சார்ஜ் முடிந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிற பழக்கம் மட்டும் யாருக்கும் வரக்கூடாது.

சார்ஜரில் எழுதியிருக்கும் கிலோவாட்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு கன் உள்ள 60 கிலோவாட் சார்ஜரில் பக்கத்து கன்னிலும் ஒரு வண்டி மாட்டியிருந்தால் பெரும்பாலும் ஆளுக்கு 30தான். 120 கிலோவாட் சார்ஜரில் மாட்டினாலும், உங்கள் வண்டியின் உச்சவரம்பு 50 என்றால் 50தான் வரும். வரம்பு எவ்வளவு என்று வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். கார்களுக்கான டிசி சார்ஜர்களில் இப்போது பெரும்பாலும் சிசிஎஸ்2 கன்தான் வருகிறது என்பதால் பொருந்துமா என்ற கவலை வேண்டாம்.

அடுத்த சார்ஜர்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

எலக்ட்ரிக் கார் வாங்கிய முதல் வருடம், மே மாதம், அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போனேன். திருச்சிக்கு முன்னால் ஓர் ஓட்டல் வாசலில் சார்ஜர் இருப்பதாக ஆப் காட்டியது. அதை நம்பி நூற்றுப்பத்தில் பறந்து, 11 சதவீதத்தில் போய் நின்றேன். சார்ஜரின் திரை இருட்டாக இருந்தது. காவலுக்கு இருந்த பெரியவர் எழுந்து வந்தார். “காலையிலேயே லைன் போயிடுச்சு தம்பி. ஜெனரேட்டர் ஓட்டலுக்கு மட்டுந்தான், இதுக்கு இல்ல.” அடுத்த சார்ஜர் 38 கிலோமீட்டர். கையில் ஐந்தரை யூனிட். இடது ஓரமாக அறுபதில், ஏசியை அணைத்து, கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி ஓட்டினேன். பிள்ளைகள் தலையில் ஈரத் துண்டு. எண் ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்க இறங்க பின்சீட்டில் பேச்சு நின்றுபோனது. “ஏம்ப்பா, வண்டி நின்னுடுமா?” என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். 2 சதவீதத்தில் சேர்ந்தோம். சேர்ந்துவிட்டோம் என்பது நிம்மதிதான், ஆனால் அன்றைக்கு அம்மா முகத்தில் பார்த்த பயத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்கு மனமில்லை.

அன்றிலிருந்து வைத்திருக்கும் விதி இது. ஒரு சார்ஜரைச் சேரும்போது, அது வேலை செய்யாவிட்டால் அடுத்த சார்ஜரைத் தொடும் அளவுக்கு யூனிட் மிச்சம் இருக்க வேண்டும். 50 யூனிட் பேட்டரியில் 20 சதவீதம் என்பது 10 யூனிட், 60 கிலோமீட்டர். அதற்குக் கீழே போகும் திட்டத்தைக் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள். இருபதுக்கு மேல் நிற்கிறீர்களா என்பதைவிட, அந்த இருபதை வைத்துக்கொண்டு எங்கே போவீர்கள் என்பது முக்கியம். ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இரண்டு இடம் குறித்துக்கொள்ளுங்கள்: நிற்கப்போகும் இடம், அதற்கு அப்பால் உள்ள இடம். இரண்டாவது இடம் வேறொரு நிறுவனத்தின் சார்ஜராக இருப்பது நல்லது. ஒரு ஆப் முடங்கினால் எல்லாம் முடங்காது. டாடா பவர், கோவையைச் சேர்ந்த ஜியான், ஸ்டாட்டிக், சார்ஜ்ஜோன் என்று பல நிறுவனங்கள் இருக்கின்றன. போகும் வழியில் எவை உண்டோ அவற்றின் ஆப்பை வீட்டிலேயே ஏற்றி, பதிவு முடித்து, வாலெட்டில் பணமும் போட்டு வையுங்கள். வெயிலில் நின்றுகொண்டு, சிக்னல் வராத போனில் ஓடிபிக்குக் காத்திருப்பதைவிடக் கொடுமை இல்லை. பிளக்‌ஷேர் ஆப்பில் கடைசியாகச் சார்ஜ் போட்டவர் எழுதிய குறிப்பையும் தேதியையும் பாருங்கள். நேற்று ஒருவர் போட்டிருக்கிறார் என்றால் அதுவே பெரிய நம்பிக்கை. கூகுள் வரைபடத்தில் அந்த ஓட்டலின் நம்பர் இருந்தால் கிளம்பும் முன் ஒரு போன் போட்டு, “அண்ணே, சார்ஜர் ஓடுதா? ஜெனரேட்டர்ல ஓடுமா?” என்று கேட்டுவிடுங்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஆடிக் காற்று, கத்திரி வெயில், ஐப்பசி மழை

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கே போகிறவர்களுக்குக் காற்று எதிரில், பக்கவாட்டில் என்று மாறி மாறி அடிக்கும். மதுரைக்கு மேல் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் போகிறவர்கள் நன்றாகவே உணர்வார்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் கணவாயில் இத்தனை காற்றாலைகளை வைத்திருப்பதே அந்தக் காற்றை நம்பித்தானே. அந்த மாதங்களில் யூனிட்டுக்கு ஒரு கிலோமீட்டர் குறைத்தே திட்டமிடுங்கள். திரும்பி வரும்போது அதே காற்று கொஞ்சம் தள்ளிவிடும்.

கத்திரி வெயிலில் ஏசி பயமுறுத்தும் அளவுக்குத் தின்னாது. பிரச்சினை வேறு இடத்தில். நூறில் ஓடிச் சூடான பேட்டரியோடு மதியம் ஒரு மணிக்கு வெட்டவெளியில் வேகமான சார்ஜரில் மாட்டினால், சூட்டைக் குறைக்க வண்டி சார்ஜ் வேகத்தைக் குறைக்கலாம். நிழல் உள்ள சார்ஜருக்கு முதலிடம் கொடுங்கள். கடைசி பத்து கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுவதும் உதவும்.

மழையில் சார்ஜ் போடலாமா என்றால், போடலாம். கன்னும் சாக்கெட்டும் அதற்கென்றே வடிவமைத்தவை. இணைப்பு சரியாகப் பூட்டிய பிறகுதான் மின்சாரமே ஓடும். கன்னைக் கீழே தேங்கிய தண்ணீரில் போட்டிருந்தால் மட்டும் தொடாதீர்கள். மழைக்காலத்தில் உண்மையான ஆபத்து சாலையில்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை பெருகி, விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூர் பக்கத்தில் இந்த நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஏறிப் போக்குவரத்து நின்றது. அப்படிப்பட்ட நாளில் சுற்றுவழி ஐம்பது, அறுபது கிலோமீட்டர் கூடும், கிராமச் சாலையில் சார்ஜரும் இருக்காது. புயல் எச்சரிக்கை இருக்கும்போது 20 சதவீத விதியை 40 ஆக்கிக்கொள்ளுங்கள். பேட்டரி நன்றாக அடைத்து மூடியதுதான் என்றாலும், ஆழம் தெரியாத தண்ணீருக்குள் எந்த வண்டியையும் இறக்கக் கூடாது.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு: ஆட்களோடு இரண்டு டன் வரும் வண்டி ஆயிரம் மீட்டர் உயரம் ஏற, வழக்கமான செலவுக்கு மேல் ஆறு யூனிட் அளவில் கூடுதலாகத் தின்னும். இறங்கும்போது அதில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பும். ஆனால் மேலே ஓட்டலில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால் திரும்பும் மின்சாரத்துக்கு இடமிருக்காது, பிரேக்குக்கும் வேலை கூடும். எண்பதோடு இறங்குங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும்.

ஊர் வீட்டில் சார்ஜ்

இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வண்டியோடு வரும் சின்ன சார்ஜரை ஊரில் உள்ள பவர் பிளக்கில் மாட்டினால் மணிக்கு மூன்று யூனிட் அளவில் ஏறும். இரவு பத்து மணிக்குப் போட்டால் காலை ஆறுக்குள் 24 யூனிட், அதாவது பாதி பேட்டரி. தாராளமாகப் போதும். ஆனால் அந்தப் பிளக் மிக்ஸிக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் போட்டது. அவை பத்து நிமிடம் ஓடும். கார் எட்டு மணி நேரம் ஒரே சீராக இழுக்கும். ஒயர் மெல்லியதாக இருந்தால் சூடேறி சாக்கெட் உருகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

போகும் முன்பே அப்பாவிடம் சொல்லி ஊர் எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் தனி லைன், அதற்கென்று 20 ஆம்பியர் எம்சிபி, கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, வாசலில் தரமான 16 ஆம்பியர் சாக்கெட். இதற்கு ஒரு பகல் வேலை போதும். பிறகு எர்த். எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். பலர் வண்டி ரிப்பேர் என்று நினைத்துவிடுகிறார்கள். எங்கள் ஊரில் எர்த் பைப் கிணற்றடிப் பக்கம் இருந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை ஃபேஸிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்தார். குண்டு பல்பு மங்கலாக, செம்மண் நிறத்தில் எரிந்தது. “மண்ணு காஞ்சு கிடக்கு,” என்றார். பழைய குழியைத் தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினோம். மறுபடி வைத்தபோது பல்பு வெள்ளையாகப் பளிச்சென்று எரிந்தது. அன்று இரவு சார்ஜர் பச்சை காட்டியது. கோடையில் போகும்போதெல்லாம் முதல் வேலையாக அந்தக் குழியில் தண்ணீர் ஊற்றிவிடுகிறேன்.

சாயங்காலம் ஏழு முதல் பத்து வரை ஊரில் வோல்டேஜ் இறங்கும். சார்ஜ் நின்று நின்று வந்தால், வண்டியிலேயே ஆம்பியரைக் குறைத்து வைக்கும் வசதி இருந்தால் பத்துக்கு இறக்கிவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் எந்த நேரத்தில் தொடங்க வேண்டும் என்றும் சொல்லி வைக்கலாம். இரவு பதினொன்றுக்கு வையுங்கள்.

வெளியூர் ஓட்டலில் தங்கினால் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். வண்டியை நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் பவர் பிளக் இருந்தால் பலர் சம்மதிக்கிறார்கள், காசைக் கொடுத்துவிட்டால் ஆயிற்று.

டிக்கியில் வைக்க வேண்டியவை அதிகமில்லை. டயர் பஞ்சர் கிட், காற்றடிக்கும் சின்னப் பம்ப் (பல எலக்ட்ரிக் கார்களில் ஸ்டெப்னி இல்லை, உங்களுடையதில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்), வீட்டு சார்ஜர், டார்ச். கிளம்பும் முன் டயரில் கம்பெனி சொன்ன காற்று இருக்கட்டும். ஏறக்குறைய எல்லா எலக்ட்ரிக் காரிலும் பெரிய பேட்டரியோடு 12 வோல்ட் சின்ன பேட்டரி ஒன்றும் உண்டு. அது செத்துப்போனால் பெரியதில் நூறு சதவீதம் இருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. மூன்று வருடம் ஆகிவிட்டால் நெடும்பயணத்துக்கு முன் சர்வீஸில் சோதிக்கச் சொல்லுங்கள். வழியில் வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். மோட்டாரோடு இணைந்த சக்கரங்கள் தரையில் உருண்டால் பழுது பெரிதாகும். தட்டையான பிளாட்பெட் வண்டிதான் வர வேண்டும். அதற்கான உதவி எண்ணைப் போனில் மட்டுமல்ல, ஒரு தாளிலும் எழுதி டேஷ்போர்டில் வையுங்கள்.

கடைசியாக ஊர் வீட்டின் கரண்ட் பில். வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முந்தைய படி ஒன்றில் உள்ள யூனிட்டுகளுக்கும் விகிதம் கூடுகிறது. அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கும் வீட்டில் பில் 420, 430 யூனிட்டில் நிற்கும். நாம் விடுமுறைக்குப் போய் நான்கு இரவு சார்ஜ் போட்டால் 90 யூனிட் ஏறி 500-ஐத் தாண்டிவிடும். அவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். போன அன்று மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து வையுங்கள், அந்தச் சுற்றில் எத்தனை யூனிட் ஆகியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லையை நெருங்கிவிட்டது என்றால் கடைசி இரவுச் சார்ஜை வெளியே டிசி சார்ஜரில் போடுங்கள். இல்லாவிட்டால் கிளம்பும்போது மறுபடி மீட்டரைப் பார்த்து, அந்தப் பில் வரும் மாதம் நீங்களே போனில் கட்டிவிடுங்கள்.